டிராயரில் கிடந்த இரண்டு கிரெடிட் கார்டுகள்: ஒன்றை மூடினேன், ஒன்றை வைத்துக்கொண்டேன்

என்னிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருந்தன. தினமும் கையில் புழங்குவது ஒன்று. மற்ற இரண்டும் டிராயரில், பழைய பாஸ்போர்ட்டுக்கும் வாரண்டி சீட்டுகளுக்கும் நடுவே வருஷக்கணக்கில் கிடந்தவை. அந்த இரண்டில் ஒன்றை நாலு மாதம் முன்னால் மூடிவிட்டேன், இன்னொன்றை மூட வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு கார்டுகளைப் பற்றியும், கார்டை மூடித் தரும் சேவை எப்படி இருந்தது என்பதைப் பற்றியும்தான் இந்த விமர்சனம். வங்கியின் பெயரைப் போடவில்லை. நான் பார்த்த நல்லதும் கெட்டதும் பல வங்கிகளில் இருப்பதுதான், அதனால் பெயரைவிட முறை தெரிந்தால் உங்களுக்கு அதிகம் உதவும்.

இதில் என்னை இறங்க வைத்தது என் அக்காவுக்கு நடந்தது. அக்கா வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது, அவள் மறந்தே போயிருந்த ஒரு கார்டில் ஆண்டுக் கட்டணம் விழுந்து கிடக்கிறது என்று. அந்தக் கார்டை அவள் தொட்டு மூன்று வருஷம் இருக்கும். ஸ்டேட்மென்ட் எல்லாம் பழைய அலுவலக மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, அந்த வேலையை விட்டே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எஸ்எம்எஸ் போன நம்பரும் மாறிவிட்டது. கட்டணம் என்னவோ சின்னத் தொகைதான். ஆனால் கட்டாததற்கு அபராதம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டி, அடுத்த மாதம் மறுபடி அபராதம் என்று வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. தொகையைவிடப் பெரிய அடி, தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி வைத்தவள் என்று அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது வாங்கிய கடன்களைக் கட்டிய விதத்தைச் சொல்லும் பதிவில், ஏறிவிட்டதுதான். பதினைந்து வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவள் அவள். கடன் அதிகாரி அந்த ஒரு வரியின் மேல் பேனாவை வைத்து "இது என்ன மேடம்?" என்று கேட்டபோது, அந்தக் கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். கடன் கிடைத்தது, ஆனால் முதலில் பேசியதைவிடக் கூடுதல் வட்டியில். அன்று ராத்திரி போனில் அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

போனை வைத்துவிட்டு நேராக டிராயரைத் திறந்தேன்.

முதல் கார்டு, பயணக் கார்டு என்று சொல்லி விற்றது. ஒன்பது வருஷம் முன்னால், அடிக்கடி வெளியூர் போகிற வேலையில் இருந்தபோது வாங்கினேன். விமான நிலைய லவுஞ்ச், மைல் கணக்கில் சேரும் பாயின்ட், பயணக் காப்பீடு, எல்லாம் உண்டு. முதல் மூன்று வருஷம் இது அருமையான கார்டு, மனதாரச் சொல்கிறேன். கட்டிய கட்டணத்தைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அப்புறம் வேலை மாறியது, பயணம் நின்றது, கார்டு டிராயருக்குப் போனது. கட்டணம் மட்டும் நிற்கவில்லை. வருஷத்துக்கு இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று ஒரு விதி இருக்கிறது, அந்த இலக்கைத் தொட வேண்டும் என்றே ஒரு வருஷம் தேவையில்லாத ஒரு பொருளை வாங்கினேன். நடுவில் லவுஞ்சுக்கும் செலவு இலக்கு வைத்துவிட்டார்கள், பாயின்ட்டின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். நான் வாங்கிய கார்டும் இப்போது கையில் இருப்பதும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஆனாலும் ஒரே ஒரு காரணத்துக்காக இதை மூடத் தயங்கினேன். என் மூன்று கார்டுகளில் லிமிட், அதாவது வங்கி செலவழிக்க விடும் உச்சத் தொகை, அதிகம் உள்ளது இதுதான்.

இரண்டாவது, முதல் வேலையில் சேர்ந்தபோது சம்பளக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்த கார்டு. ஆண்டுக் கட்டணம் கிடையாது, லிமிட் குறைவு, பாயின்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இதைக் காட்டி யாரும் பெருமைப்பட முடியாது. ஆனால் என் பெயரில் இருக்கும் கடன் கணக்குகளிலேயே வயதில் மூத்தது இது. பதினாலு வருஷம், ஒரு பாக்கி கிடையாது.

கார்டை மூடலாமா என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். "பயன்படுத்தாததை எதுக்கு வைச்சிருக்கே, மூடித் தொலை" என்று ஒரு பக்கம். "ஐயையோ, மூடினால் ஸ்கோர் விழுந்துவிடும்" என்று இன்னொரு பக்கம். ஸ்கோர் என்பது, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று அந்த ரிப்போர்ட்டை வைத்துக் கணிக்கும் ஒரு எண். இரண்டு பேரும் கார்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். டிராயரில் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் கார்டு, அங்கே கிடந்தபடியே நமக்காக இரண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு அது வாங்கும் கூலி நியாயமா என்றுதான் நான் பார்த்தேன்.

முதல் வேலை லிமிட். ஸ்கோர் கணக்கிடும்போது, உங்களுக்குக் கொடுத்திருக்கும் மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்ப்பார்கள். என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன், எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், விகிதம்தான் முக்கியம். தினசரிக் கார்டுக்கு 1,00,000 லிமிட், பழைய சம்பளக் கார்டுக்கு 50,000, பயணக் கார்டுக்கு 2,50,000. மொத்தம் 4,00,000. மாதா மாதம் என் பில் சுமார் 40,000 வரும், அதாவது 10 சதவீதம். பயணக் கார்டை மூடினால் மொத்த லிமிட் 1,50,000-க்கு இறங்கும், அதே 40,000 இப்போது கிட்டத்தட்ட 27 சதவீதம். ஆத்திரத்தில் இரண்டையும் மூடியிருந்தால் 40 சதவீதம். 30-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், குறையக் குறைய இன்னும் நல்லது. நான் ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்கவில்லை, ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை, ஆனாலும் ரிப்போர்ட்டில் என் நிலைமை 10-இலிருந்து 40-க்குப் போயிருக்கும். பில்லை முழுசாகக் கட்டுகிறவர்கள் "எனக்குத்தான் பாக்கியே இல்லையே" என்று இதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். பல இடங்களில் வங்கி ஸ்கோர் நிறுவனத்துக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் தேதியில் இருக்கும் தொகையை. பத்து நாள் கழித்து நீங்கள் முழுசாகக் கட்டியது அந்த மாதக் கணக்கில் தெரியாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபிகோ ஸ்கோரில், தவணையை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாக வாங்கிய கடனுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10 என்று எடை பிரித்திருக்கிறார்கள். லிமிட் விகிதம் அந்த 30-க்குள் வருகிறது. ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கணக்கு வேறு, ஆனால் ஒழுங்காகக் கட்டினாயா, எவ்வளவு பயன்படுத்துகிறாய் என்ற இரண்டும் எல்லா இடத்திலும் பெரிய கேள்விகள்தான். இந்தியாவில் ஸ்கோர் தரும் நிறுவனங்கள் நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 300-இலிருந்து 900 வரை போகிறது ஸ்கோர்.

இரண்டாவது வேலை வயது. இதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பயம், ஆனால் பயப்படுகிற அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை. கார்டை மூடிய மறுநாளே அதன் வரலாறு அழிந்துவிடாது. அமெரிக்க ரிப்போர்ட்டுகளில் ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து வருஷம் வரை நிற்கும், ஃபிகோ அதன் வயதையும் அதுவரை கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதாவது மூத்த கார்டை மூடினால் வயது விஷயத்தில் அடி உடனே விழாது, பல வருஷம் கழித்து அந்தக் கணக்கு ரிப்போர்ட்டை விட்டுப் போகும்போதுதான் தெரியும். எல்லா ஸ்கோர் முறையும் மூடிய கணக்கை இதே மாதிரி மதிப்பதில்லை, அதனால்தான் மூத்த கார்டில் கை வைக்க நான் அவசரப்படவில்லை. லிமிட் அடி அப்படி இல்லை, அது அடுத்த மாதமே தெரியும். ஆனால் அதில் ஒரு ஆறுதலும் உண்டு: பரவலாகப் புழங்கும் ஃபிகோ முறைகள் அந்த நேரத்து விகிதத்தைத்தான் பார்க்கின்றன, விகிதம் சரியானால் ஸ்கோரும் ஏறிவிடும். தவறிய தவணை அப்படி ஏறாது. அமெரிக்காவில் அது ஏழு வருஷம் வரை ரிப்போர்ட்டில் நிற்கும்.

அதனால் கார்டை மூடினால் சில புள்ளி போகுமே என்று பயந்து, யாரும் பார்க்காத மின்னஞ்சலுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பும் கார்டை உயிரோடு விட்டு வைப்பது இருப்பதிலேயே மோசமான தேர்வு என்பது என் கருத்து. அக்கா விஷயத்தில் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்டு கையில் இருந்தாலே செலவு கை மீறுகிறது, மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) மட்டும் கட்டி வட்டியில் மூழ்குகிறோம் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த லிமிட் கணக்கு எதையும் பார்க்க வேண்டாம். மூடிவிடுங்கள். ஸ்கோர் அடுத்து கடன் வாங்கும்போது தேவைப்படுவது, நிம்மதி இன்று ராத்திரியே தேவைப்படுவது. அதே போல, பிரிந்துபோன ஒருவரின் கையில் உங்கள் கணக்கின் கூடுதல் கார்டு இருந்தால், யோசிக்க ஒன்றும் இல்லை, முதலில் அதை நிறுத்துங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பயணக் கார்டை மூடுவது என்று முடிவு செய்தாலும் உடனே மூடவில்லை. முதலில் தினசரிக் கார்டின் லிமிட்டைக் கூட்டக் கேட்டேன். ஆப்பிலேயே அதற்கு ஒரு இடம் இருந்தது. கேட்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டேன்: லிமிட் கூட்டக் கேட்டால் என் ரிப்போர்ட்டைப் புதுக் கடன் விசாரணை மாதிரி எடுத்துப் பார்ப்பீர்களா என்று. சில இடங்களில் அப்படிப் பார்ப்பார்கள், அதுவும் ஒரு பதிவாக நிற்கும். என் வங்கியில் இல்லை என்றார்கள். 1,00,000 இருந்தது 2,00,000 ஆனது. இப்போது பயணக் கார்டு போனாலும் மொத்தம் 2,50,000, என் 40,000 அதில் 16 சதவீதம். ஒரே வங்கியில் இரண்டு கார்டு இருந்தால், மூடும் கார்டின் லிமிட்டை மற்றதற்கு மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம், சில வங்கிகள் தருகின்றன. எனக்கு வேறு வேறு வங்கி, அதனால் அந்த வழி இல்லை.

நேரமும் முக்கியம். வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ அடுத்த சில மாதங்களில் எடுக்கப் போகிறவர்கள் கார்டு மூடும் வேலையைக் கடன் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். மூட வேண்டும் என்று சொன்னதுமே வேறு ஒருவரிடம் இணைப்பு போகும், வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்கென்றே இருப்பவர்கள் அவர்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒன்பது வருஷக் கஸ்டமர் மேடம் நீங்க, இந்த வருஷக் கட்டணத்தை எடுத்துடறேன், ஒரு வருஷம் வெச்சுப் பாருங்களேன்" என்றார். நல்ல சலுகைதான், ஆனால் அடுத்த வருஷம் இதே தேதியில் இதே போனை நான் மறுபடி செய்ய வேண்டும், மறந்தால் கட்டணம் விழும். நான் கேட்டது வேறு. "இதே கணக்கை ஆண்டுக் கட்டணமே இல்லாத உங்கள் சாதாரணக் கார்டாக மாற்றித் தர முடியுமா? கணக்கின் வயதும் லிமிட்டும் அப்படியே இருக்குமா?" இதைக் கேட்காமல் யாரும் கார்டை மூடாதீர்கள். மாற்றித் தருகிற வங்கிகள் இருக்கின்றன, அப்படிக் கிடைத்தால் மூட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அவர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஆறு நிமிஷம் கழித்து வந்தார். இந்த வகைக் கார்டில் அந்த வசதி இல்லை, புதுசாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும் என்றார். அப்போ மூடிவிடுங்கள் என்றேன். இன்னும் இரண்டு சலுகை சொன்னார், இரண்டுக்கும் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். கோபப்படவும் வேண்டாம், காரணம் விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். "முடிவு செய்துவிட்டேன், கோரிக்கை எண் கொடுங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஆனால் நான் அந்த அழைப்புக்கு முன்னாலேயே செய்து முடித்த வேலைகள் சில உண்டு, அவைதான் என்னைக் காப்பாற்றின. கடந்த பதிமூன்று மாத ஸ்டேட்மென்ட்டுகளை இறக்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஏன் பதிமூன்று என்றால், வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் பில் பன்னிரண்டு மாதத்துக்குள் சரியாக மாட்டாமல் நழுவலாம். பயன்படுத்தவே இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த கார்டில், போட்டோக்களைச் சேமித்து வைக்கும் ஒரு ஆன்லைன் சேவைக்கான வருஷச் சந்தா போய்க்கொண்டிருந்தது. என் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பார்க்காமல் கார்டை மூடியிருந்தால் அடுத்த வருஷம் சந்தா நின்றுபோய், அவர்கள் எச்சரிக்கை அனுப்பி, நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றே அதைத் தினசரிக் கார்டுக்கு மாற்றினேன்.

பாயின்ட்டுகளையும் முதலில் எடுத்துவிடுங்கள். கார்டு மூடினால் பெரும்பாலும் அதோடு போய்விடும், பிறகு கெஞ்சினாலும் வராது. என்னுடையதைத் தினசரி வாங்கும் பொருட்களுக்கான கூப்பனாக மாற்றிக்கொண்டேன், மதிப்பு குறைவுதான், வீணாகப் போவதற்கு அது மேல். இஎம்ஐ ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை முழுசாக முடித்தாக வேண்டும். கூடுதல் கார்டு யாரிடமாவது இருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும், அவர்களிடம் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரரிடம் ஒன்று இருந்தது, அவருக்கே நினைவில்லை. திருப்பி அனுப்பிய பொருளுக்கான பணம் எதுவும் வர வேண்டியிருந்தால் அது வந்து சேரும் வரை காத்திருங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஒரு இடத்தில் சிக்கியது. கடைசிப் பாக்கியை கட்டும்போது சில்லறை பார்க்காமல் அடுத்த நூறுக்கு ஏற்றிக் கட்டிவிட்டேன். கணக்கில் 36 ரூபாய் எனக்கு வர வேண்டியதாக நின்றது. நிலுவை இருந்தால் மூட முடியாது என்பது தெரியும், வங்கி நமக்குத் தர வேண்டியிருந்தாலும் இழுபடும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கோரிக்கையை நிறுத்திவைத்திருப்பதாகச் செய்தி வந்தது, காரணம் சொல்லவில்லை. மறுபடி போன், மறுபடி காத்திருப்பு, கடைசியில் என் சேமிப்புக் கணக்கு விவரத்தை வாங்கி அந்த 36 ரூபாயை அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. பைசா வரை சரியாகக் கட்டுங்கள். பாக்கியை மாதா மாதம் உருட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும். ஸ்டேட்மென்ட்டில் இருந்த தொகையை முழுசாகக் கட்டியிருப்பார்கள், ஆனால் ஸ்டேட்மென்ட் தேதிக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அடுத்த மாதம் தனியாக வரும். கட்டியாகிவிட்டதே என்று அடுத்த ஸ்டேட்மென்ட்டைத் திறக்காமல் விட்டால் அக்காவின் கதைதான். மூடும் நாளில் எவ்வளவு கட்டினால் பூஜ்யம் ஆகும் என்று அவர்களிடமே கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்கள் விதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, பாக்கி எல்லாம் கட்டியிருந்தால் மூடும் கோரிக்கையை ஏழு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால், கணக்கில் பாக்கி இல்லாத பட்சத்தில், மூடும் வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அபராதமாக வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஹெல்ப்லைன், தனி மின்னஞ்சல், இணையதளம், ஆப் என்று பல வழி வைத்திருக்க வேண்டும், தபாலில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. மூடியதும் மின்னஞ்சலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் சொல்ல வேண்டும். என் கணக்கில் மிஞ்சி நின்ற மாதிரி பணம் இருந்தால் அதையும் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இரண்டாவது அழைப்பில் இந்த ஏழு நாளைக் குறிப்பிட்டதும் பேச்சின் தொனியே மாறியது, அடுத்த நாள் மாலைக்குள் முடிந்துவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். பழைய பாக்கியில் தகராறு இருக்கும் கார்டை மூடப் போனால், "பாதித் தொகை கட்டிவிடுங்கள், முடித்துவிடலாம்" என்று இனிப்பாகச் சொல்வார்கள். அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் மூடப்பட்டது என்று வராமல் செட்டில்டு என்று வரும். முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம், அடுத்து கடன் கொடுக்கிறவர் அதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போவார். அந்தத் தொகை தவறாக விழுந்தது என்றால் எழுத்தில் புகார் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் செலவழித்ததுதான் என்றால், முடிந்தவரை முழுசாகக் கட்டிவிட்டு மூடுங்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், பயணக் கார்டுக்கு அடிக்கடி பயணம் போகிற ஒருவர் கையில் ஐந்துக்கு நாலு, என் மாதிரி ஆள் கையில் ஒன்று. மூடும் சேவைக்கு மூன்று: பேசியவர்கள் நல்லவர்கள், ஆனால் ஆப்பில் மூடும் இடம் நாலு பக்கம் தாண்டி உள்ளே இருக்கிறது, கோரிக்கையை நிறுத்தினால் காரணம் சொல்வதில்லை. பழைய சம்பளக் கார்டுக்கு நாலரை. கட்டணம் இல்லாமல் பதினாலு வருஷ வரலாற்றைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அதற்கு இது போதும்.

அந்தப் பழைய கார்டை இப்போது அப்படியே டிராயரில் போட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் வங்கியே மூடிவிடலாம், இந்தியாவில் ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டுக்கு அறிவிப்பு அனுப்பி, முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் மூட வேண்டும் என்றே விதி இருக்கிறது. அதனால் வீட்டு இணைய பில்லை மட்டும் அதில் ஏற்றினேன். மாதா மாதம் ஒரே தொகை. அந்தக் கார்டின் பில் என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே முழுசாகக் கட்டும்படி ஆட்டோ பே வைத்தேன், மினிமம் டியூ என்று இருந்த தேர்வை முழுத் தொகை என்று மாற்றினேன், அது தானாகவே மினிமம் டியூவில் நின்றுகொண்டிருந்தது, கவனியுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் பணம் எடுக்கும் வசதியையும் ஆப்பில் அணைத்தேன். மின்னஞ்சல், போன் நம்பர், முகவரி மூன்றும் இப்போது இருப்பவையா என்று பார்த்தேன். முகவரி இரண்டு வீட்டுக்கு முந்தையது. புதுக் கார்டு ஒன்றை அந்தப் பழைய வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யார் கையில் போயிருக்குமோ.

பயணக் கார்டை மூடிய செய்தி வந்த பிறகுதான் வெட்டினேன், அதற்கு முன் வெட்ட வேண்டாம், கடைசியில் எண்ணைக் கேட்பார்கள். சிப்பின் குறுக்கே ஒரு வெட்டு, பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டையின் குறுக்கே ஒன்று, எண்கள் மேல் இரண்டு. துண்டுகளைத் தனித்தனியாகக் குப்பையில் போட்டேன். மூடியதாக வந்த மின்னஞ்சலை பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இந்தியாவில் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாக வாங்கலாம், 2017-இலிருந்து அப்படித்தான். பயணக் கார்டுக்கு நேரே மூடப்பட்ட தேதி இருந்தது, நிலுவை பூஜ்யம், மாதா மாதம் கட்டியதைக் காட்டும் கட்டங்கள் ஒன்றுகூடச் சிவக்காமல் வரிசையாக இருந்தன. ஸ்கோர் முன்பைவிட ஆறு புள்ளி குறைந்திருந்தது, போன வாரம் பார்த்தபோது அதுவும் திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவளிடம் இன்னும் இரண்டு கார்டு இருக்கிறதாம், பதிமூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.